ரிஜெக்ட் அக்கா பாஸ் செய்த வீடு

எலெக்ட்ரானிக் சிட்டியில் ரிஜெக்ட் அக்காவிடம் 'பாஸ்' வாங்கிய பொருள் என்று எதுவுமே கிடையாது. அந்தப் பேட்டைக்கு மேலே இருக்கிற வானத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒரு நாள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் அண்ணாந்து பார்த்து, "நீலம் ஒரே மாதிரி இல்ல பாரு. அந்த ஓரத்துல வெளுத்துக் கீது" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. கம்பெனி அடையாள அட்டையில் அச்சடித்தும் இருந்தது. ஆனால் அட்டையில் இருந்த போட்டோ சரியில்லை என்று அதன் மேலேயே அவர் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, அது நகர்ந்து பெயரையும் மறைத்துவிட்டது. அதனால் பதினெட்டுப் பெண்கள் இருந்த எங்கள் பிஜி விடுதியில் எல்லோருக்கும் அவர் ரிஜெக்ட் அக்காதான். பதிலுக்கு அவரும் எங்கள் பெயர்களைப் பொருட்படுத்தவில்லை. ஒவ்வொருத்தியையும் ஊர் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். நான் 'சேலம்'.

பொம்மசந்திராவில் வண்டி உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை. வெளியிலிருந்து வந்து இறங்கும் சரக்கை அளந்து பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி உள்ளே விட வேண்டும். இல்லாவிட்டால் சிவப்பு ஒட்டி, வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். கைப்பையில் இரண்டு சுருளும் எப்போதும் இருக்கும். சிவப்புச் சுருள் மாதம் ஒன்று தீர்ந்துவிடும். பச்சைச் சுருளுக்கு நான் பார்த்தவரை பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

அந்தச் சிவப்பு ஸ்டிக்கர் கம்பெனி கேட்டோடு நின்றிருந்தால் பிரச்சினை இல்லை. எங்கள் பிஜியில் கீசரில் ஒன்று இருந்தது. ஃபிரிட்ஜில் இரண்டு. வாசலில் 'வீட்டுச் சாப்பாடு கிடைக்கும்' என்று மாட்டியிருந்த பலகையில் 'வீட்டு' என்ற வார்த்தைக்கு மேல் மட்டும் ஒன்று. பிஜியை நடத்திய ஆன்ட்டி கன்னடக்காரர், ரொம்பப் பொறுமைசாலி. ஆனால் அக்கா ஒரு நாள் பையிலிருந்து தடிமன் அளக்கும் வெர்னியரை எடுத்து, தட்டில் விழுந்த சப்பாத்தியை நாலு இடத்தில் கவ்விப் பார்த்தபோது அந்தப் பொறுமையும் ஆட்டம் கண்டது.

"ஆன்ட்டி, இந்தப் பக்கம் ரெண்டு மில்லி, அந்தப் பக்கம் நாலு. எப்படி வேகும்?"

"சும்னே தின்னம்மா" என்றார் ஆன்ட்டி.

அக்கா தின்றார். ஆனால் அளவுகளை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, சமையலறைக் கதவில் ஒட்டிவிட்டுத்தான் தின்றார். ஒரு வாரம் ஆன்ட்டி அவரோடு பேசவில்லை. அடுத்த வாரத்திலிருந்து சப்பாத்தி ஒரே சீராக வந்ததை மட்டும் நாங்கள் எல்லோரும் கவனித்தோம், யாரும் வாய் திறக்கவில்லை.

கம்பெனி பஸ்ஸில் ஏறுமுன் டயர் தேய்ந்திருக்கிறதா என்று அதன் பள்ளத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைச் செருகிப் பார்ப்பார். "ஏறுங்க மேடம், எட்டு மணிக்கு பஞ்ச் பண்ணணும்" என்று டிரைவர் கெஞ்சுவார். "எட்டு மணிக்கு உசுரோட பஞ்ச் பண்ணணும்" என்பார் அக்கா.

இவர் மாப்பிள்ளை பார்த்த கதைதான் எல்லாவற்றுக்கும் சிகரம். வயது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. கோலார் தங்கவயலில் இருந்த அண்ணன் விடாமல் வரன் அனுப்பிக்கொண்டே இருந்தார். ஏழு பேர் வந்தார்கள், ஏழு பேரும் வந்த வழியே போனார்கள். ஏழாவது ஆள் பிரேசர் டவுன்காரர். பார்க்க லட்சணம், நல்ல வேலை, அடக்கமான பேச்சு. துணைக்கு அக்கா என்னைத்தான் கூட்டிப்போனார். பேக்கரியில் உட்கார்ந்து அக்கா விசாரணையை ஆரம்பித்தார்.

"கோபம் வருமா?"

"வராதுங்க."

"சாப்பாட்டுல குத்தம் சொல்வீங்களா?"

"சொன்னதே இல்லீங்க."

"யாராண்டயாவது சண்ட போட்டிருக்கீங்களா?"

"ஒரு நாளும் இல்லீங்க."

அக்கா பப்ஸை முடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். பஸ் ஏறும்வரை நான் திட்டினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "தோ பாரு சேலம். பத்து மில்லி இருக்க வேண்டிய பீசுன்னு வை. நெசமா அளந்தவன் ஒம்பது புள்ளி ஒம்பது எட்டுன்னு எழுதுவான், அடுத்தது பத்து புள்ளி பூஜ்யம் ஒண்ணும்பான். அம்பது பீசுக்கும் பத்து, பத்து, பத்துன்னு எழுதி அனுப்பினான்னா அவன் அளக்கவே இல்ல. உக்காந்த எடத்துல டீ குடிச்சிட்டு எழுதிட்டான்னு அர்த்தம்."

இது நியாயமா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த மனிதர் நிஜமாகவே தங்கமாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அக்காவின் தொழில் சட்டம் அது. அதுதான் பிறகு என்னைக் காப்பாற்றியது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். என் அப்பா அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். சேலம் – ஏற்காடு தடத்தில் இருபத்தாறு வருடம் ஓட்டினார். இருபது கொண்டை ஊசி வளைவும் அவருக்கு உள்ளங்கை ரேகை மாதிரி. கடைசி பஸ்ஸை மேலே கொண்டுபோய் நிறுத்தினால் ராத்திரி அங்கேதான் தங்க வேண்டும், விடிந்ததும் முதல் பஸ்ஸை இறக்க வேண்டும். அப்படி எத்தனையோ இரவுகள் ஏற்காட்டில் தங்கியிருக்கிறார், அத்தனையும் பஸ்ஸின் கடைசி சீட்டில். ஊர் உலகமெல்லாம் குளிருக்கு ஆசைப்பட்டுப் போய்த் தூங்குகிற இடத்தில், அவர் குளிருக்குப் பயந்து காலை மடக்கிப் படுத்திருந்திருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகும் காலை நாலு மணிக்குத் தானாக எழுந்து உட்கார்ந்துகொள்வார். ஒரு முறையாவது அப்பாவை ஏற்காட்டில் ஒரு நல்ல வீட்டில், நல்ல மெத்தையில் தூங்க வைக்க வேண்டும் என்பது வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு இருந்த ஆசை.

அப்பாவைச் சம்மதிக்க வைக்க நான் பட்ட பாடு தனி. "மேல போயித் தூங்கறதுக்கு என்னத்துக்கு கண்ணு வீடு? நாஞ் சொன்னா பஸ்லயே படுக்க விடுவாங்க" என்றார். இரண்டு மாதம் போனில் மன்றாடி, அம்மாவை விட்டுப் பேச வைத்து, ஒரு வழியாகச் சரி என்றார். சரி என்றதோடு நிற்கவில்லை. டிப்போவில் போய், "எம் பொண்ணு மேல பங்களா எடுத்திருக்கா" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். நான் அப்போது பங்களாவைத் தேடக்கூட ஆரம்பிக்கவில்லை.

தேடினேன். கிடைத்தது. கிடைத்ததே என்று நான் துள்ளிய துள்ளலில் கட்டில் ஆணி ஒன்று கழன்றது. ஏரியைப் பார்த்த மாதிரி கண்ணாடிச் சுவர், நீச்சல் குளம், வெள்ளை மெத்தை, காலைச் சாப்பாடு இலவசம். அறுபது பேர் கருத்து எழுதியிருந்தார்கள், அறுபதும் ஐந்து நட்சத்திரம். வாடகையோ பக்கத்தில் இருந்த சாதாரண வீடுகளில் பாதி. ஓனருக்கு மெசேஜ் அனுப்பினேன். அடுத்த நிமிடமே அவர் போனில் வந்துவிட்டார். ரேடியோவில் பேசுகிறவர் மாதிரி குரல். தான் துபாயில் இருப்பதாகவும், வாட்ச்மேன் சாவி கொடுப்பார் என்றும் சொன்னார்.

"வெப்சைட் மூலமா கட்டினா அவங்களுக்குக் கமிஷன் போகுது மேடம். நேரா எனக்கே அனுப்பிட்டீங்கன்னா இன்னும் இருபது பர்சன்ட் குறைச்சிக்கறேன். ஆனா முழுசா இப்பவே அனுப்பணும். இன்னொரு பார்ட்டி லைன்ல இருக்காங்க."

சொன்ன கையோடு க்யூஆர் கோடும் அனுப்பிவைத்தார். ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான் ஐடி கம்பெனியில் சாப்ட்வேர் டெஸ்டர். தப்பு கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளமே. அப்படிப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமை காலை, பிஜி சாப்பாட்டு மேசையில், இட்லியை ஒரு கையிலும் போனை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு பணம் அனுப்பத் தயாராக உட்கார்ந்திருந்தேன்.

எதிரில் அக்கா. "இன்னா சேலம், மொகமெல்லாம் பல்லா கீது?" என்றார். பெருமை தாங்காமல் போட்டோக்களைக் காட்டினேன். அதுதான் நான் அன்று செய்த ஒரே புத்திசாலித்தனம், அதையும் தெரியாமல் செய்தேன்.

அக்கா கையைக் கழுவி, துடைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை வாங்கினார். நான் கண்ணாடிச் சுவரைப் பார்த்த இடத்தில் அவர் அதற்குக் கீழே பார்த்தார்.

"இந்த ஹால்ல பிளக் பாயின்ட் நம்ம ஊரு மாதிரி ரவுண்டா மூணு ஓட்டை. பெட்ரூம்ல பாரு, தட்டயா ரெண்டு கோடு. ஒரே வீட்டுக்கு ரெண்டு நாட்டு கரெண்டா?"

"ஏதாவது ஃபேன்சியா வெச்சிருப்பாங்கக்கா."

"அறுவது பேருக்கும் அஞ்சு ஸ்டாரு. ஏற்காட்டுல ஒருத்தனுக்குக் கூட குளிரலையா? ஒருத்தன் கூட தண்ணி சூடா வரலன்னு எழுதலையா? பத்து, பத்து, பத்து."

"அக்கா, அவர் வெயிட் பண்றார்."

"அப்புறம் இன்னாத்துக்கு வெப்சைட்ட உட்டுட்டு நேரா காசு கேக்கறான்? எங்க கம்பெனிக்கு வர்ற சரக்கு கேட்ல என்ட்ரி போட்டுத்தான் உள்ள வரும். ஒருத்தன் கேட்ட உட்டுட்டு காம்பவுண்டு சொவரு மேல தூக்கிப் போட்டான்னா, அத்த எவனும் சரக்குன்னு சொல்ல மாட்டான். நீ அனுப்பினப்புறம் ஏதாவது ஆச்சுன்னா வெப்சைட்டுக்காரன் எங்களுக்குத் தெரியாதும்பான்."

சொல்லிக்கொண்டே பையில் கைவிட்டு, என் போன் திரைமேல், அந்த வெள்ளை மெத்தைக்கு நேராக, ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினார்.

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ தெரியாது. இரண்டு மாதம் அப்பாவிடம் கெஞ்சியது, டிப்போவில் அவர் சொல்லிவிட்டு வந்தது, இன்னொரு பார்ட்டி லைனில் நின்றது எல்லாம் சேர்ந்துகொண்டது. "உங்களுக்கு உலகத்துல எதுவுமே பிடிக்காதுக்கா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எல்லாரையும் இப்படித் தள்ளித் தள்ளித்தான் நீங்க தனியா உக்காந்திருக்கீங்க."

ஆன்ட்டி கரண்டியோடு அப்படியே நின்றார். அக்கா கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார். "சரி சேலம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்.

நான் ஸ்டிக்கரைப் பிய்த்து எறிந்தேன். க்யூஆர் கோடு அப்படியே இருந்தது. ஒரு விரல் வைத்தால் போதும். விரல் போகவில்லை. வெட்கமா, பயமா, இரண்டுமா, இன்றும் எனக்குத் தெரியாது.

பத்து நிமிடத்தில் அக்கா இறங்கி வந்தார். முகம் கழுவியிருந்தார். பழையபடி எதிரிலேயே உட்கார்ந்தார்.

"என்னத் திட்டறதெல்லாம் அப்புறமாத் திட்டிக்க. இப்ப அந்தாளுக்கு ஒரு போன் போட்டு ஸ்பீக்கர்ல வை. ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். பதில் சொல்லிட்டான்னா நானே உன்ன பஸ் ஏத்தி உடறேன்."

போட்டேன். ரேடியோக் குரல் தேனாக வழிந்தது. அக்கா மேசைமேல் குனிந்து கேட்டார்.

"சார், பாத்ரூம்ல பக்கெட் இன்னா கலரு?"

ரேடியோக் குரல் ஒரு முறை கனைத்துக்கொண்டது.

"மேடம், அது ஃபுல்லி லக்சுரி வில்லா. ஷவர், பாத்டப் எல்லாம் இருக்கு."

"இருக்கட்டும் சார். பக்கெட்டு?"

"பக்கெட்... வைட் மேடம்."

"எல்லா பாத்ரூம்லயுமா?"

"எல்லாத்துலயும்."

"மக்கு?"

"அதுவும் வைட்."

"எதுனா ஒடஞ்சிது கீதா?"

"நம்மகிட்ட எதுவும் உடையாது மேடம். எல்லாம் பர்ஃபெக்ட்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் ஆன்ட்டியைப் பார்த்தேன். ஆன்ட்டி எங்கள் பிஜி பாத்ரூமில் கைப்பிடி போய் கம்பி கட்டியிருந்த சிவப்பு பக்கெட்டை நினைத்துக்கொண்டிருந்தார் என்று அவர் முகமே சொன்னது. உலகத்தில் சொந்த வீடு வைத்திருக்கிற எவருக்கும் தன் வீட்டில் எந்த பக்கெட் உடைந்தது என்று தெரியும். தெரியாதவன் வீட்டுக்காரன் இல்லை.

"அப்ப வாட்ச்மேன இப்பவே வீடியோ கால்ல வரச் சொல்லுங்க. ஒரு குழாயத் தொறந்து காட்டினா போதும், அடுத்த நிமிஷம் முழுப் பணம்" என்றார் அக்கா.

மலையில் சிக்னல் இல்லை என்றான். இத்தனை நேரம் 'அவர்' ஆக இருந்தவன் என் மனதில் 'அவன்' ஆனது அந்த நொடியில்தான். நான் பணம் அனுப்பியிருந்தால்? சாவி வாங்க அப்பா பெட்டியோடு ஏதோ ஒரு கேட் முன்னால் நின்று வாட்ச்மேனைத் தேடியிருப்பார். அவர் இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டிய ஊரில், தெரிந்தவர்கள் எல்லாம் பார்க்க நின்றிருப்பார். மறுபடி எந்த ஜென்மத்தில் என்னை நம்பி வீட்டைவிட்டுக் கிளம்பியிருப்பார்?

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே போனை வைத்திருப்பார்கள். அக்கா ரிஜெக்ட் செய்த சரக்கைச் சும்மா விடுகிற ஆள் இல்லை. "நாங்க பதினெட்டுப் பேர் வர்றோம் சார், ஒரு வாரம் தங்கறோம். ஒரு ஃபாரம் அனுப்பறேன், நிரப்பி அனுப்பினீங்கன்னா உடனே பேமென்ட்" என்று அவனுக்கு ஆசை காட்டினார். கம்பெனியில் சப்ளையர்களுக்கு அனுப்புகிற இன்ஸ்பெக்ஷன் ஃபாரம் மாதிரியே முப்பத்தெட்டு கேள்வி தயாரித்தார். கதவுகளின் உயரம், படிகளின் எண்ணிக்கை, தண்ணீர் சூடாக எத்தனை நிமிடம், கொசு உண்டா, நாய் உண்டா, உண்டென்றால் குரைக்குமா.

பதினெட்டுப் பேர், ஒரு வாரம் என்ற ஆசையில் அந்த மனிதன் ராப்பகலாக உட்கார்ந்து நிரப்பியிருக்கிறான், பாவம். மறுநாள் சாயங்காலம் பிஜி மொத்தமும் கூடி உட்கார, அக்கா அதை வாசித்தார். படிகள் இருபது. ஜன்னல்கள் இருபது. தலையணைகள் இருபது. தண்ணீர் சூடாகும் நேரம்: உடனே. கொசு: இல்லை. நாய்: உண்டு, குரைக்காது. ஆன்ட்டி சிரித்துச் சிரித்துச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அக்கா மட்டும் கடமை தவறவில்லை. ஒன்பது இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டு, போட்டோவில் பதினோரு படி தெரிகிறது, மீதி ஒன்பது எங்கே என்று விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பினார். அவன் திருத்தி அனுப்பினான். கையெழுத்து இல்லை என்று மறுபடி திருப்பினார். கையெழுத்துப் போட்டு அனுப்பினான். இந்தத் தவறு ஏன் நேர்ந்தது, இனி நேராமல் இருக்க என்ன நடவடிக்கை எடுப்பீர்கள் என்று மூன்றாவது ஃபாரம் போனது. அதற்கு வந்த பதிலை என் மொபைலில் வெகுநாள் வைத்திருந்தேன்: "மேடம், தயவுசெஞ்சு விட்டுடுங்க. எனக்கு உங்க புக்கிங் வேணாம்." அதோடு எங்கள் நம்பரை அவனே தடை செய்துகொண்டான். ஏமாற்றுக்காரன் ஒருவன் எங்களிடமிருந்து தப்பித்து ஓடியதை அன்று கண்ணால் கண்டேன். அவன் அனுப்பிய எல்லாவற்றையும் சேர்த்து வெப்சைட்டுக்கும் சைபர் போலீசுக்கும் புகார் கொடுத்தோம். இரண்டு நாளில் அந்த வில்லா வெப்சைட்டிலிருந்து காணாமல் போனது. ஆன்ட்டி கேசரி பாத் செய்து எல்லோருக்கும் கொடுத்தார். "முந்திரி எல்லாம் ஒரே பக்கமாக் கீது" என்றார் அக்கா.

வெற்றி எல்லாம் சரி. எனக்கு வீடு இல்லையே. அப்பா அதற்குள் குரங்குக் குல்லாய் வாங்கிவிட்டார். அழாத குறையாக அக்காவிடம் சொன்னேன்.

"ரெண்டு நாட்டு கரெண்டுன்னு சொன்னேன் இல்ல, அதுல ஒண்ணு நம்ம ஊரு கரெண்டு. அந்த ஹாலு எங்கயோ நெசமாக் கீது. திருட்டு சரக்குன்னா அதுக்குச் சொந்தக்காரன் ஒருத்தன் இருப்பான். தேடு."

ஹால் போட்டோவை மட்டும் எடுத்து இணையத்தில் தேடினேன். நாலாவது முடிவில் வந்து நின்றது அதே ஹால். ஏற்காட்டிலேயே, வேறு பெயரில், வேறு தளத்தில். நீச்சல் குளம் இல்லை. கண்ணாடிச் சுவர் இல்லை. வாடகை அந்த ஊர் நியாயப்படி இருந்தது. நட்சத்திரம் மூன்றரைதான். எனக்குச் சப்பென்று ஆனது. ஆனால் கருத்துகளை வாசிக்க வாசிக்க அக்காவின் முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒரு வெளிச்சம்.

"குரங்கு வந்து பிரெட்ட எடுத்துனு போச்சாம், மூணு பேரு எழுதிக்கறாங்க. கீசரு இருவது நிமிஷமாம். ஒருத்தன் இருவத்தஞ்சுன்றான். நாய் குரைக்குதாம். ஓனரம்மா ரொம்பப் பேசுதாம்." கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இது அளந்தவன் எழுதின ரிப்போர்ட்டு, சேலம்."

அந்தத் தளத்தின் மூலமாகவே ஓனரம்மாவுக்குப் போன் போட்டோம். அக்கா அதே கேள்வியைக் கேட்டார்.

"ஒண்ணு பச்சை, ஒண்ணு நீலம். நீலத்துக்குப் பிடி இல்ல, புதுசு வாங்கணும்னு நானும் நாலு மாசமா சொல்லிட்டிருக்கேன், எங்க வீட்டுக்காரர் காதுல போட்டுக்கறதில்ல" என்று ஒரே மூச்சில் சொன்னார் அந்த அம்மா. "ஆமா, நீங்க யாரு? ஏன் பக்கெட்டக் கேக்கறீங்க?"

விஷயத்தைச் சொன்னோம். அவர் பெருமூச்சு விட்டார். அந்த மாதம் மட்டும் இரண்டு குடும்பம் யாரிடமோ பணம் கட்டிவிட்டு, பெட்டியும் குழந்தைகளுமாக அவர் கேட்டில் வந்து நின்றிருக்கிறது. ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்டு அனுப்பியிருக்கிறார். நாங்கள் அனுப்பிய புகார் விவரத்தைத் தனக்கும் அனுப்பச் சொன்னார். பிறகு அரை மணி நேரம் பேசினார். எதுவும் பொய் இல்லை.

வெப்சைட் வழியாகவே பணம் கட்டினேன். ரசீது வந்ததும் அக்கா பையைத் திறந்தார். பச்சைச் சுருளின் உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தார். முதல் ஸ்டிக்கரை என் போனின் முதுகில் ஒட்டினார். நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். ஆன்ட்டி கன்னடத்தில் கடவுளுக்கு நன்றி சொன்னார்.

"நீங்களும் வாங்கக்கா" என்று எவ்வளவோ கூப்பிட்டேன். கம்பெனியில் ஆடிட் என்று மறுத்துவிட்டார்.

அப்பா அந்த வீட்டுக்கு வந்ததும் மெத்தையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பழைய சிநேகிதர்களிடம் டீ வாங்கிக் குடித்து, 'பங்களா' இருக்கிற திசையைக் கைகாட்டிவிட்டு வந்தார். பிறகு பால்கனியில் உட்கார்ந்து, வளைவில் ஏறுகிற ஒவ்வொரு பஸ்ஸின் சத்தத்துக்கும் விளக்கம் சொன்னார். "இவன் செகண்ட்ல எடுக்க வேண்டியத தேர்டுல எடுக்கறான் கண்ணு. வண்டி அழுவுது பாரு." குரங்கு வந்தது. பிரெட்டை எடுத்துக்கொண்டு போனது. எங்களுக்கு அதில் ஏற்பட்ட சந்தோஷத்தைப் பார்த்து அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை அம்மா வந்து என்னை எழுப்பினார். முகம் வெளிறியிருந்தது. "அப்பாவ வந்து பாரு கண்ணு" என்றார். ஓடினேன். மணி எட்டு தாண்டியிருந்தது. அப்பா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, காலை நன்றாக நீட்டி, ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். முதல் பஸ் இறங்கிப் போய் எவ்வளவோ நேரம் ஆகியிருந்தது. அந்தச் சத்தத்துக்கும் அவர் எழவில்லை. இத்தனை வருடத்தில் அப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை என்பதால்தான் அம்மா பயந்திருக்கிறார். நாங்கள் இருவரும் வாசல்படியில் நின்று கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெளியே வந்து அக்காவைக் கூப்பிட்டேன். கம்பெனியில் இருந்தார், பின்னால் மெஷின் சத்தம் கேட்டது.

"அக்கா, அப்பா இன்னும் தூங்கறார்."

"மணி இன்னா?"

"எட்டு இருபது."

"கொறட்ட வருதா?"

"ஹால் வரைக்கும் கேக்குதுக்கா."

"அப்ப நல்ல தூக்கம்." மெஷின் சத்தம் குறைந்தது, வெளியே நடந்து வந்துவிட்டார் போல. பிறகு சொன்னார்: "எங்கப்பா தங்கவயல்ல சுரங்கக் குழிக்குள்ள நைட் ஷிஃப்டு. காலைல வந்து படுப்பாரு. லைன் வீடு, சொவத்துக்குச் சொவரு சத்தம். பசங்க நாங்க வேற ஓடியாடி எழுப்பி உட்ருவோம். கடைசி வரைக்கும் ஒரு நாளு கூட அவரு முழுசாத் தூங்கி நான் பாத்ததில்ல."

"அன்னிக்கு உங்கள அப்படிப் பேசியிருக்கக் கூடாதுக்கா. தப்பு என்மேலதான்" என்றேன்.

"அத்த உடு. போன வச்சிட்டுப் போ. அவர எழுப்பாத. உங்கம்மாவையும் பாத்திரம் உருட்டாம இருக்கச் சொல்லு."

அன்று அப்பா பத்து மணிக்கு எழுந்தார். எங்களைப் பார்த்து வெட்கப்பட்டார். நான் அந்த பிஜியை விட்டு வந்து சில வருடங்கள் ஆகின்றன. எந்த ஊருக்குப் போய் எந்த வீட்டில் தங்கினாலும், பத்திரமாக வந்து சேர்ந்தேன் என்று முதல் மெசேஜ் அப்பாவுக்கு, அடுத்தது அக்காவுக்கு. அப்பா அதற்குள் தூங்கியிருப்பார். அக்காவிடமிருந்து 'சரி, தூங்கு' என்று வரும்வரை எனக்குக் கண் மூடாது.